விளையாட்டும் நடுவரும்: மட்டக்களப்பு வாவிக்கரை ஆடல்களை முன்னிறுத்திய ஓர் ஆராய்ச்சி

விளையாட்டுக்களுள் எதற்கு நடுவராய் நிற்றல் மிக அரிது என்னும் வினா, ஆசிரியர் அறைகளிலும் மைதானத்து மரநிழலிலும் பலகாலும் எழுவதொன்றாகும். உதைபந்தாட்டத்தார், ஒன்றரை மணிநேரம் ஓடிக்கொண்டே தீர்ப்பளிக்கும் தம் நடுவருக்கே அவ்வருமை உரியதென்பர். துடுப்பாட்டத்தார், நாள்முழுதும் வெயிலில் நின்று இமைப்பொழுதில் விரலுயர்த்தும் தம் மத்தியஸ்தரைக் காட்டுவர். கூடைப்பந்தாட்டத்தாரோ பத்துப்பேர் ஒருங்கே நெருங்கும் சிறிய களத்தைச் சுட்டுவர். ஓடிய தூரத்தையும் விதிகளின் தொகையையும் அளவுகோலாகக் கொள்வதனால் இவ்வழக்கு முடிவுறாது நீள்கின்றது. வேறோர் அளவுகோல் வேண்டும். அதனைத் தேட அயல்நாடு செல்லவேண்டுவதில்லை. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கண்ணகி வழிபாட்டோடு ஒட்டி வளர்ந்த கொம்பு விளையாட்டே அதனைத் தருவதாகும்.

நடுவர் என்னுஞ் சொல் ‘நடு’ என்பதன் அடியாகப் பிறந்தது. உயிர்களின் வினையைச் சீர்தூக்கும் கூற்றுவனை நடுவன் என்பது பழந்தமிழ் வழக்கு. திருக்குறளில் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரமே உண்டு. மட்டக்களப்பில் இன்னொரு சொல்லும் வழங்குகின்றது. கோயிற் பொறுப்பை ஏற்று நடத்துவோர் அங்கே வண்ணக்கர் எனப்படுவர். சங்ககாலத்தில் வண்ணக்கன் என்பான் நாணயம் நோக்குவோன். காசின் மாற்றை உரைத்து, இது மெய், இது பொய் என்று சொல்லும் பணியினன். பொன்னின் தரங்கண்டு சொன்னவனுடைய பெயர், ஊரின் வழக்குகளிலே சொல்லுக்கு மதிப்புடைய ஒருவருக்கு வந்து பொருந்தியமை தற்செயலாயினும் பொருத்தமுடையதே.

கொம்பு விளையாட்டின் அமைப்பு எளியது. ஊர் வடசேரி, தென்சேரி என இரு கூறாகும். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். இன்ன குடும்பம் இன்ன சேரி என்பது பரம்பரையாக வருவது. ஒருவன் விரும்பித் தேர்ந்துகொள்வதன்று. கணவன் ஒரு சேரியும் மனைவி மறுசேரியுமாய் அமைந்த இல்லங்களும் உண்டு. உறுதியான மரத்தின் வளைந்த கொம்புகள் இரண்டை எடுத்து, ஒன்றன் வளைவுள் மற்றதன் வளைவை மாட்டி, வடம் பூட்டி இழுப்பர். எந்தக் கொம்பு முறிகின்றதோ அந்தச் சேரி தோற்றது. மதுரையை எரித்த பத்தினியின் சினத்தைத் தணிப்பதற்கும், மழை பொய்த்தபோதும் கொள்ளைநோய் பரவியபோதும் அவளது அருளை வேண்டுவதற்கும் இவ்வாடல் நிகழ்ந்தது. பண்டிதர் வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலைக் கற்றோர் இவ்வாடல் அப்பகுதி வாழ்விற் பெற்றிருந்த இடத்தை அறிவர். தேற்றாத்தீவிலுள்ள பிள்ளையார் கோயில் ‘கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயில்’ என்றே வழங்குகின்றது. ஆடல் அருகிய பின்னும் ஆடிய இடம் பெயரிலே நிலைத்துவிட்டது.

சிங்கள மக்களிடையே இதுவே அங்கெலிய எனப்படும். அங்கே உடுபில, யட்டிபில என இரு கட்சிகள். முன்னது பத்தினியின் கணவனுக்கும் பின்னது பத்தினிக்கும் உரியவை. கண்டியரசிற் சிறைப்பட்டிருந்து 1679 இல் தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தம் நூலில், முழங்கைபோல் வளைந்த இரு கொம்புகளைக் கோத்து இழுக்கும் இவ்வாடலைக் குறித்திருக்கின்றார். நாட்டின் துன்பமும் நோயும் நீங்கவென்று அது ஆடப்பட்டதென்றும், ஆடுவோர் வாய்மொழியின் இழிவு காரணமாக ஊருக்குப் புறம்பே, பெண்டிர் காணாவிடத்தில் நடந்ததென்றும் அவர் கூறுவர். மலைநாட்டில் ஊருக்குப் புறம்பே ஒதுக்கப்பட்ட ஆடல், வாவிக்கரையில் ஊர்நடுவே சந்தியில் நிகழ்ந்தது என்னும் வேறுபாடு கருதத்தக்கது. சந்தியில் ஆடுவதெனின் ஊரே சாட்சி.

இனி, இவ்வாடலில் நடுவருக்குரிய வேலை யாது? வெளிப்பார்வைக்கு ஒன்றுமில்லை எனலாம். கொம்பு முறியும் ஓசையே தீர்ப்பு. அத்தீர்ப்பை ஐயுறுதற்கு இடமில்லை, மேன்முறையீடும் இல்லை. பார்வை மங்கிய முதியவரும், தொலைவில் நிற்கும் சிறுவனும் அதனைக் கேட்டு அறிவர். விதிகளோ ஒரு கைவிரலுக்குள் அடங்கும். ஓடிய தூரமும் விதித்தொகையும் அளவுகோலாயின், உலகிலேயே எளிய நடுவுப்பணி இதுவாகவே இருத்தல்வேண்டும்.

ஆயின் உண்மை அதற்கு மாறானது. மரம் தீர்ப்பளிக்கும் ஆட்டத்தில், வழக்கு மரத்தின் மேலேயே செல்லும். இரு கொம்பும் ஒத்த பருமன் உடையனவோ? முற்றிய மரத்தினின்று வெட்டப்பட்டனவோ? கட்டிய கயிறு ஒரு கொம்புக்குத் துணையாகவும் மற்றதற்குப் பகையாகவும் அமைந்துவிட்டதோ? இவ்வினாக்கள் யாவும் ஆட்டத்துக்கு முன்னரே தீர்க்கப்படவேண்டியவை. முறிந்த பின்னர் எழுவது இன்னும் பெரிய தொல்லை. வென்ற சேரியார் வசை பாடுவர். தோற்றவர் அதனைப் பொறுத்தல்வேண்டும். பொறுக்கச் சொல்லுவோர் யாவர்? கோயில் வண்ணக்கரும் ஊர்ப் பெரியோருமே. அவர்களும் பிறப்பால் வடசேரியராகவோ தென்சேரியராகவோ இருப்பர்! எச்சேரியும் சாராத ஒருவர் வேண்டுமெனின் அயலூரிலிருந்துதான் அழைத்துவரல் வேண்டும். அயலூரவருக்கோ அவ்வூரில் சொல்வலி இல்லை.

சைவசித்தாந்த நூலார் பொருளை அறிதற்குரிய அளவைகளுள் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனைத் தலைமையாகக் கொள்வர். நடுவரின் தீர்ப்பையும் இவற்றால் பகுத்துப் பார்க்கலாம். கண்டு சொல்லும் தீர்ப்பு ஒருவகை; கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துச் சொல்வது ஒருவகை; பிறர்சொல்லைக் கேட்டுச் சொல்வது மற்றொருவகை. இவ்வருமைகளோடு, சொன்ன தீர்ப்பை ஆடினோரும் பார்த்தோரும் ஏற்கச்செய்யும் அருமை தனியே நிற்கின்றது. கொம்பு விளையாட்டில் முன்னவை மூன்றும் இல்லை. பின்னது மட்டுமே உண்டு. அதுவே ஊரை இரண்டாக்கப் போதுமானதாயிற்று.

போர்த்தேங்காய் அடித்தலும் மரத்தீர்ப்பின் இனத்தது. எவருடைய தேங்காய் உடைந்ததோ அவர் தோற்றார். ஓட்டில் மயிரிழையாய்க் கீறல் விழுந்தும் நீர் கசியாத தேங்காய் தோற்றதோ தோலாததோ என்று கேட்கத் தொடங்கும்போதே அங்கு மனிதக்கண் நுழைகின்றது. கிளித்தட்டில் அக்கண்ணுக்கு வேலை மிகுதி. கோட்டில் நின்று மறிப்பவனின் கை எதிரியின் உடலிற் பட்டது மெய்யாயினும், அக்கணத்தில் அவனுடைய கால் கோட்டில் இருந்ததோ என்பதே வழக்கு. கையையும் காலையும் ஒரே கணத்தில் நோக்கவேண்டும். சடுகுடுவிலோ காதும் வேண்டும். பாடிச் சென்றவனின் மூச்சு அறுந்ததோ தொடர்ந்ததோ என்பதைக் கேட்டே அறியலாம். வளவுகளிலே சிறுவர் தாமே ஆடித் தாமே தீர்த்துக்கொண்ட இவ்வாட்டம் அனைத்துலகப் போட்டியாக வளர்ந்த பின்னரும் அதன் வழக்குகள் தீர்ந்தபாடில்லை. 2023 இல் சீனத்தின் ஹங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவின் ஆடவர் இறுதியாட்டத்தில், இந்தியாவுக்கும் ஈரானுக்குமிடையே ஒரு விதியின் பொருள்பற்றி எழுந்த பிணக்கினால் ஆட்டம் நெடுநேரம் நின்றுபோயிற்று.

வாவிக்கரைக்கு மேனாட்டு ஆட்டங்கள் பாடசாலைகள் வழியாகவே வந்தன. வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த போதகர் 1814 இல் மட்டக்களப்பில் தொடங்கிய பள்ளி பின்னர் மெதடிஸ்த மத்திய கல்லூரியாயிற்று. புனித மிக்கேல் கல்லூரி 1873 இலும், சுவாமி விபுலாநந்தரின் முயற்சியால் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் 1929 இலும் தோன்றின. இவற்றின் மைதானங்களில் மாணவர் புதிய ஆட்டங்களை மட்டுமன்றி, இருதரப்பையுஞ் சாராத ஒருவரின் சொல்லுக்கு உடனே அடங்கும் புதிய ஒழுக்கத்தையுங் கற்றனர். சேரி வழக்கில் பழகிய ஊர்களுக்கு இரண்டாவது பாடமே கடினமானது.

இவ்வாட்டங்களுள் துடுப்பாட்டம் நீதிமன்றத்தின் இயல்புடையது. முறையீடு இல்லாதவிடத்து மத்தியஸ்தர் எவரையும் ஆட்டமிழந்தவராக அறிவித்தலாகாது என்பது அதன் விதி. முறையிட்டபின் அவர் சொல்லவேண்டிய தீர்ப்புக்களுள் பெரும்பாலன காண்டலின்பாற்படும். தண்டு வீழ்ந்ததோ, பந்து பிடிபட்டதோ, எல்லைக்குள் மட்டை வந்ததோ என்பன கண்ணுக்குரியவை. எல்.பி.டபிள்யூ. எனப்படும், காலால் விக்கெற்றை மறித்த குற்றம் மட்டும் அவ்வாறன்று. 1774 ஆம் ஆண்டு விதித்தொகுப்பிலேயே இடம்பெற்ற இக்குற்றத்தின் விதி 1937 இல் விரிவாக்கப்பட்டது. அதன் உயிர்நிலை மட்டும் மாறவில்லை. கால் குறுக்கிடாதிருந்தால் பந்து விக்கெற்றிற் பட்டிருக்குமா என்பதே வினா. விரைந்த பந்து வீச்சாளர் கையினின்று துடுப்பாட்டக்காரரை அடைய ஏறத்தாழ அரைநொடியே ஆகும். அதற்குள், பந்து நிலத்திற் குத்திய இடத்தையும், காலிற் பட்ட இடத்தையும், எழும்பிய உயரத்தையும் கண்டு, நிகழாத ஒன்றைப்பற்றித் தீர்ப்புச் சொல்லவேண்டும். புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவது தருக்கநூலார் காட்டும் எடுத்துக்காட்டு. அங்கே மலையேறிச் சென்றால் நெருப்பைக் காணலாம். இங்கே எம்மலை ஏறினும் அந்நெருப்பைக் காணமுடியாது. பந்து காலோடு நின்றுவிட்டது. கருதலளவை இதனினும் கடுமையாகச் சோதிக்கப்படும் ஆட்டம் பிறிதில்லை எனலாம்.

காண்டலென்று எண்ணியது காண்டலன்றாய் முடிந்த வரலாறும் துடுப்பாட்டத்திலேயே உண்டு. 1995 டிசெம்பர் 26 ஆம் நாள் மெல்பேணில், கண்டியிற் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரன் பந்தை எறிகின்றார் என்று கூறி, டரல் ஹெயார் என்னும் அவுஸ்திரேலிய மத்தியஸ்தர் ஏழு முறை முறையற்ற பந்து என அறிவித்தார். முழங்கை நிமிர்ந்ததைத் தம் கண்ணாற் கண்டதாகவே அவர் கொண்டார். பின்னர் விரைவுப் படக்கருவிகளால் ஆராய்ந்தபோது, குற்றமற்றவரெனக் கருதப்பட்ட பந்து வீச்சாளர் பலரின் முழங்கையும் ஓரளவு நிமிர்வது வெளிப்பட்டது. 2005 தொடக்கம் பதினைந்து பாகை வரையான நிமிர்வு அனுமதிக்கப்பட்டது. வெறுங்கண்ணாற் காண இயலாத ஒன்றைக் காணும்படி விதி அதுகாறும் நடுவரைப் பணித்திருந்தது என்பதே இதன் பொருள். அப்பணியின் விலையை ஓர் இளைஞர், நிறைந்த அரங்கின் முன்னே கொடுக்க நேர்ந்தது. அவர் 2010 இல் எண்ணூறு விக்கெற்றுக்களோடு டெஸ்ற் போட்டிகளினின்று ஓய்வுபெற்றார்.

உதைபந்தாட்டத்தின் வரலாறு கொம்பு விளையாட்டுக்கு வியக்கத்தக்க வகையில் அணித்தானது. இங்கிலாந்தில் ஆதியில் ஒவ்வொரு கட்சியும் தனக்கென ஒரு மத்தியஸ்தரைக் கொண்டுவந்தது. அவ்விருவரும் முரண்பட்டபோதே களத்துக்கு வெளியே நின்ற நடுவரிடம் வழக்குச் சென்றது. சேரிக்கொரு பெரியவர் என்னும் முறையன்றோ இது? 1891 இலேயே நடுவர் களத்தினுள் இறங்கினார். கட்சி மத்தியஸ்தர் இருவரும் எல்லைக்கோட்டுக்குத் தள்ளப்பட்டனர். அக்கோட்டில் நிற்பவருக்கு வாய்த்த ஓவ்சைட் வழக்கு கிளித்தட்டின் வழக்கையே ஒத்தது. பந்து உதைபடும் கணத்தில், முப்பது முழத்துக்கு அப்பால் நிற்பவன் எங்கே நின்றான் என்று அறிதல் வேண்டும். இரு கண்ணும் ஓரிடத்தையே நோக்குவன, வழக்கோ ஈரிடத்தது. நடுவரின் ஓட்டமும் களைப்பும் உண்மையே. ஆயினும் அவை உடலின் அருமைகள். தீர்ப்பின் அருமை இதுவே.

கூடைப்பந்தாட்டத்தைப் பொறுத்தவரை மட்டக்களப்புக்குத் தனிச்சிறப்புண்டு. 1940களின் பிற்பகுதி தொடக்கம் அமெரிக்காவின் நியூ ஓர்லீன்ஸ் பகுதியினின்று வந்து பணியாற்றிய யேசுசபைத் துறவியர் அவ்வாட்டத்தை இங்கு ஊன்றி வளர்த்தனர். அவர்களுள் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரையே நகரின் விளையாட்டரங்கு தாங்கி நிற்கின்றது. மாணவர்க்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றிய யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஓகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டவர் வந்துசேரவில்லை. அக்காலத்தில் வாவிக்கரையிற் காணாமற்போனோர் பலர். அவர்களுள் அவரும் ஒருவரானார்.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 இல் ஸ்பிறிங்பீல்ட் நகரில் இவ்வாட்டத்தை வகுத்தபோது எழுதிய பதின்மூன்று விதிகளில் நடுவுப்பணியை இரண்டாகப் பிரித்தார். ஆடுவோரை நோக்கும் ஒருவர், பந்தை நோக்கும் ஒருவர். ஒரே கண் இரண்டையும் நோக்கவியலாது என்பதைத் தொடக்கத்திலேயே உணர்ந்துகொண்ட ஆட்டம் இதுவெனலாம். இன்று அப்பிரிவு அவ்வாறே இல்லையாயினும், வழக்கின் இயல்பு மாறவில்லை. மோதிய இருவருள் அவ்விடத்தை முன்னர் உரிமையாக்கியவன் யார் என்பதே அடிக்கடி எழும் வினா. மோதலைக் கண்ட நடுவர், மோதலுக்கு முந்திய கணத்தையும் கண்டிருத்தல் வேண்டும். ஏற்பின் அருமைக்கும் இவ்வாட்டமே கொடிய சான்று தருகின்றது. 1972 இல் மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டத்தின் கடைசி மூன்று நொடிகள் மீண்டும் மீண்டும் ஆடப்பட்டு, சோவியத் அணி 51–50 எனும் கணக்கில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. தோற்ற அமெரிக்க வீரர்கள் தமக்குரிய வெள்ளிப் பதக்கங்களைப் பெற மறுத்துவிட்டனர்.

ஓட்டமும் நீச்சலும் காண்டலொன்றாலேயே முடிவன என்பது பொதுக் கருத்து. முதலில் வந்தவனைக் காட்டுதற்குக் கல்வியும் வேண்டா என்பர். 1960 இல் உரோம் ஒலிம்பிக்கில் நூறு மீற்றர் நீச்சலின் முடிவில், நேரங்கணித்த மூவரின் கடிகாரங்களும் அமெரிக்கரான லான்ஸ் லார்சன் விரைந்து வந்ததாகக் காட்டின. முதலாமிடம் பார்த்த மூவருள் இருவர் அவுஸ்திரேலியரான ஜோன் டெவிற்றையே முதல்வரென்றனர். இரண்டாமிடம் பார்த்த மூவருள் இருவரும் அதே டெவிற்றையே இரண்டாமவரென்றனர்! ஒருவரே முதலாமவரும் இரண்டாமவரும் ஆகிய அந்த முடிவைத் தலைமை நடுவர் டெவிற்றுக்குச் சார்பாகத் தீர்த்தார். மின்கருவியால் நேரங்கணிக்கும் முறை நீச்சலில் ஊன்றியதற்கு இவ்வழக்கும் ஒரு காரணம். கருவி வந்தபின்னும் தீர்ப்பு முற்றுப்பெறவில்லை. 2000 இல் சிட்னியில் இருநூறு மீற்றர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்த இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க, முதலில் வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து உட்கொண்டமையை ஏற்றுப் பதக்கத்தை இழந்ததனால், ஒன்பது ஆண்டு கழித்தே வெள்ளிப் பதக்கத்துக்கு உரியவரானார்.

சேரி சாராத நடுவரைத் தேடும் முயற்சி துடுப்பாட்டத்திலும் பிந்தியே வந்தது. 1982 இல் கொழும்பில் இலங்கை ஆடிய முதல் டெஸ்ற் போட்டியில் நின்ற ஹேர்பி பெல்சிங்கர், கே. ரீ. பிரான்சிஸ் இருவரும் இலங்கையரே; அக்கால வழக்கம் அதுவே. 1986 இல் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியாவும் ஆடியபோது இந்திய மத்தியஸ்தர் இருவர் அழைக்கப்பட்டனர். இருவரும் வெளிநாட்டவராதல் வேண்டுமென்பது 2002 தொடக்கமே டெஸ்ற் போட்டிகளில் நடைமுறையாயிற்று. மத்தியஸ்தரின் தீர்ப்பை ஆடுவோர் மறுபரிசீலனைக்கு உட்படுத்தும் முறை 2008 இல் கொழும்பில், இலங்கை இந்தியப் போட்டியிலேயே முதன்முதல் பரீட்சிக்கப்பட்டது. இந்திய அணி அதனைப் பல ஆண்டு விரும்பவில்லை. அம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. காலிற் பட்ட பந்தின் பாதிக்குக் குறைந்த பகுதியே விக்கெற்றைத் தொடும் என்று கருவி கணித்தால், களத்தில் நின்றவர் முன்னர் என்ன சொன்னாரோ அதுவே நிற்கும். கருதலின் ஈற்றெல்லையில் கருவியும் தீர்ப்பை மனிதனிடமே திருப்பிக் கொடுத்துவிடுகின்றது. உரையளவையும் வழுவாததன்று. 2019 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கையரான குமார் தர்மசேன உடனிருந்தோரைக் கலந்துபேசியே இங்கிலாந்துக்கு ஆறு ஓட்டம் வழங்கினார். ஐந்தே வழங்கியிருத்தல் வேண்டுமெனப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார்.

இக்கருவிகளும் அயல்நாட்டு மத்தியஸ்தரும் பாடசாலை மைதானங்களை எட்டுவதில்லை. மாரி நீங்கி வாவியின் நீர் வடியும் ஆண்டுத் தொடக்கத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடைபெறுகின்றன. மாணவர் இல்லங்களாகப் பிரிக்கப்படுகின்றனர். அண்ணன் இருந்த இல்லத்திலேயே தம்பியும் சேர்க்கப்படுதல் பல பாடசாலைகளின் வழக்கம். எல்லைக்கோட்டின் அருகே, படிப்படியாய் அமைந்த இருக்கையில் ஆசிரியர் அமர்ந்திருப்பர். ஒருவர் முதலாமிடம் பார்ப்பவர், ஒருவர் இரண்டாமிடம் பார்ப்பவர், ஒருவர் மூன்றாமிடம் பார்ப்பவர். கயிற்றுக்கு அப்பால் பெற்றோர் நிற்பர். ஓட்டம் முடிந்து, இருவர் ஒரே மாணவனைச் சுட்டும்போது தலைமை நடுவர் எழுந்து வருவார். அவரும், அவ்விருவரும், ஏதேனும் ஓர் இல்லத்தின் பொறுப்பாசிரியரே.